உபாகமம் 18:18 யாரைக் குறிக்கிறது?

மண்ணடி வாசகர்:
கடற்கரை ரயில் நிலைய வாசலில் விநியோகிக்கப்பட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று, முஹம்மது நபி (ஸல்) அவர்களைப் பற்றிய முன்னறிவிப்பு பைபிளில் அறவே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமம் 18:18இல், ‘உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியை’ இஸ்ரவேலரின் சகோதரரிலிருந்து எழுப்புவதாக இறைவன் மூஸா நபியிடம் (பைபிளின் மோசே) வாக்களிக்கிறான். தாய் தந்தைக்குப் பிறந்து, சட்டம் கொடுத்து, சமூகத்தை வழிநடத்தி, இயல்பாக மரணித்தவர் மூஸா நபி. இவை அத்தனையும் முஹம்மது நபிக்குப் பொருந்துகின்றன, ஈஸா நபிக்குப் (இயேசு) பொருந்தவில்லை. இஸ்ரவேலரின் மூதாதையான இஸ்ஹாக்கின் சந்ததிக்கு, முஹம்மது நபியின் மூதாதையான அவர் அண்ணன் இஸ்மாயீலின் சந்ததி சகோதரர்தாமே? எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடம் ஒரு தூதரை அனுப்பியதைப் போலவே உங்களிடமும் அனுப்பினோம் என்று குர்ஆனும் (73:15) இந்த ஒப்புமையைச் சொல்கிறது.

ராயபுரத்தான்:
சகோதரரே, பட்டியலை யார் போடுகிறார் என்பதைப் பொறுத்தே பொருத்தம் அமைகிறது. குழந்தைகளைக் கொன்ற அரசனிடமிருந்து தப்பியது, 40 நாள் உபவாசம், உடன்படிக்கையின் மத்தியஸ்தம் என்று நான் அடுக்கினால் இயேசுவே வந்து நிற்பார். எனவே அதிகாரத்தையே படிப்போம். மூன்று வசனம் முன்னால், 18:15இல், ‘உன் நடுவே’ என்று தெளிவாக இருக்கிறது. சகோதரன் அல்லாத அந்நியனை ராஜாவாக வைக்கக் கூடாது என்று 17:15 கட்டளையிட்டபோது, அதைக் கேட்ட எந்த இஸ்ரவேலனும் இஸ்மவேலரிடம் ராஜாவைத் தேடிப் போகவில்லை. இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேம் தேவாலயத்தின் சாலொமோன் மண்டபத்தில் நின்று இதே வாக்கை இயேசுவுக்குரியதாக அறிவித்ததை அப்போஸ்தலர் 3:22இல் காணலாம்.

மண்ணடி வாசகர்:
பேதுருவின் பிரசங்கம் உங்களுக்கு வேதம். எனக்கு அது ஒரு தரப்பின் சாட்சியம். உபாகமம் 2:4, யாக்கோபின் அண்ணன் ஏசாவின் புத்திரரையே சகோதரர் என்கிறது. அவர்கள் இஸ்ரவேலர் அல்லர். மேலும், யோவான் 1:20-21இல் எருசலேமிலிருந்து வந்தவர்களுக்கு யோவான்ஸ்நானன் (இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்) தாம் கிறிஸ்து அல்ல என்று சொன்ன பிறகும், எலியாவா என்றும் அந்தத் தீர்க்கதரிசியா என்றும் அவர்கள் தனித்தனியாகக் கேட்கிறார்கள். அப்படியானால் கிறிஸ்து வேறு, அந்தத் தீர்க்கதரிசி வேறு என்றுதானே யூதர்கள் காத்திருந்தார்கள்?

பழைய வண்ணாரப்பேட்டை:
இருவரும் 15ஆம் வசனத்துக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை. குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன் (நம் பகுதியில் இவர்களுக்கு இன்றும் வருமானம் குறையவில்லை) ஆகியோரிடம் போகாதே என்று 10ஆம் வசனம் தடுக்கிறது. அப்படியானால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு விடையாகவே தீர்க்கதரிசி வருகிறார். ஆகவே, யோசுவா தொடங்கி அடுத்தடுத்து எழுந்தவர்களை எல்லாம் இது குறிக்கிறது என்ற யூத விளக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ராயபுரத்தான்:
அந்தத் தொடர்ச்சியை நான் மறுக்கவில்லை. அதன் நிறைவு இயேசு என்கிறேன். ஐந்து அப்பங்களைச் சாப்பிட்ட ஜனங்கள், உலகத்தில் வருகிற தீர்க்கதரிசி மெய்யாகவே இவர்தான் என்று சொன்னதாக யோவான் 6:14 கூறுகிறது. மண்ணடி வாசகரே, உங்களிடம் ஒரு கேள்வி: தவ்ராத்திலும் (மூஸாவின் வேதம்) இஞ்சீலிலும் (ஈஸாவின் வேதம்) இந்த நபி எழுதப்பட்டிருக்கக் காண்கிறார்கள் என்கிறது குர்ஆன் 7:157. 4ஆம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் படி உட்பட, நபிக்கு முந்தைய படிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் யோவான் சுவிசேஷத்தில் முஹம்மது நபியின் பெயர் எங்கே?

மண்ணடி வாசகர்:
பெயர் இருக்க வேண்டும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. வேதத்தின் எழுத்தே மாற்றப்பட்டது என்று இப்னு ஹஸ்ம் போன்ற இஸ்லாமிய அறிஞர்கள் வாதிட்டதுண்டு. நான் அந்த வாதத்துக்கே போகாமல், உங்கள் கையில் இருக்கும் உபாகமத்திலிருந்தே பேசுகிறேன். அப்பம் சாப்பிட்ட கூட்டத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். அதே சுவிசேஷத்தில் அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள். சிலர் இவர் தீர்க்கதரிசி என்கிறார்கள், வேறு சிலர் இவர் கிறிஸ்து என்கிறார்கள் (7:40-41). இரண்டும் ஒருவரே என்று அந்த ஜனங்கள் நினைத்திருந்தால், அங்கே இரு தரப்பு எப்படி உண்டானது?