மோட்டார் சூட்கேஸ்: பேட்டரியைக் கழற்றிவிட்டால் விமானத்தில் விடுவார்களா?

மயிலைவாசி கேட்டது:

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒசாகா போகிறேன். தங்கை அங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்கு மூட்டு வலி, அதிக தூரம் நடக்க முடியாது என்று தம்பி ஆன்லைனில் ஒரு மோட்டார் சூட்கேஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறான், மேலே உட்கார்ந்து கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஸ்கூட்டர் மாதிரி ஓடுகிறது. பேட்டரி தனியாகக் கழன்று வருகிறது. அதன் மேல் 11.1 வோல்ட், 6600 எம்ஏஎச் என்று மட்டும்தான் அச்சிட்டிருக்கிறார்கள். காலிப் பெட்டியே 9 கிலோ. "விமானப் பயணத்துக்கு ஏற்றது" என்று ஸ்டிக்கர் வேறு. கையோடு எடுத்துப்போகலாமா, செக்-இன்னில் போட வேண்டுமா? பேட்டரியை என்ன செய்வது?

சரக்குப்பிரிவு:

முதலில் அந்த ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். கவுன்ட்டரில் பார்ப்பது பேட்டரியின் வாட்-அவர் கணக்கைத்தான், அதாவது அதில் எவ்வளவு மின்சாரம் சேமிக்க முடியும் என்ற அளவை. வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வந்துவிடும், உங்களுடையது 73.26. 100 வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், 160-க்கு மேல் பயணிகள் பெட்டியில் இடமே இல்லை. ஆக அளவில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் வாட்-அவர் என்று நேரடியாக அச்சிடாததால் யாராவது நிறுத்திக் கேட்க வாய்ப்பு உண்டு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புப் பக்கத்தை பிரின்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எகானமியில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான், 9 கிலோ பெட்டி கண்டிப்பாக செக்-இன்னுக்குத்தான் போகும். அப்படிப் போடும்போது பேட்டரி உள்ளே இருக்கக் கூடாது. கவுன்ட்டருக்குப் போவதற்கு முன்பே கழற்றி, அதன் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். சாவி, சில்லறை கிடக்கும் பையறையில் மட்டும் போடாதீர்கள், முனைகள் இரண்டையும் ஒரு சாவி தொட்டாலே போதும், ஷார்ட் ஆகிவிடும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், சரக்கு அறையில் இருக்கும் ஹாலான் வாயு தீயின் சுவாலையை அடக்கும், ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் சூடேறி அடுத்த செல்லையும் எரியவைப்பதை அது நிறுத்தாது. கேபினில் புகை வந்தால் ஆள் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். கழற்றவே முடியாத பேட்டரி வைத்த ஸ்மார்ட் பெட்டிகளை (போன் சார்ஜ் செய்வது, இருக்கும் இடம் காட்டுவது போன்ற மின்னணு வசதி உள்ளவை) 2018 ஜனவரி 15 முதல் அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா விமான நிறுவனங்கள் ஏற்க மறுத்தன, அந்த மாதிரிப் பெட்டி விற்ற புளூஸ்மார்ட் கம்பெனி அதே ஆண்டு மே மாதம் மூடிவிட்டார்கள்.

ஒசாகாக்காரன்:

பெட்டியை ஜப்பானுக்குக் கொண்டுவரலாம், ஆனால் இங்கே ஓட்ட முடியாது. உட்கார்ந்து ஓட்டும் மின்சாரப் பெட்டியை இங்கே மோட்டார் வாகனமாகத்தான் பார்க்கிறார்கள், சாலையில் எடுக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும், பெட்டியில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். நடைபாதையில் ஓட்டிய ஒரு வெளிநாட்டுப் பெண் மீது 2024-இல் ஒசாகா போலீஸ் வழக்கே போட்டார்கள். நீங்கள் வந்து இறங்கும் கன்சாய் விமான நிலையத்திலும் உள்ளே ஓட்ட வேண்டாம் என்கிறார்கள். அம்மாவை அதில் உட்காரவைத்து தங்கை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள், வயதானவரை போலீஸிடம் நிற்கவைக்கும் நிலை வரக்கூடாது.

மயிலைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. மூட்டு வலிக்கான சாதனம் என்று மருத்துவர் கடிதம் காட்டினால் இதைச் சக்கர நாற்காலி மாதிரி எடுத்துக்கொள்வார்களா? அப்புறம் பெட்டி எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் வில்லையை உள்ளே போட்டால் அதுவும் சிக்கலா?

நெல்லைப் பொண்ணு:

எடுத்துக்கொள்ள மாட்டார்கள் அக்கா. மின்சாரச் சக்கர நாற்காலிக்கு விதியே வேறு, மடக்கும் வகையில் கழற்றும் பேட்டரி 300 வாட்-அவர் வரைக்கும்கூட அனுமதி உண்டு. ஆனால் மோட்டார் வைத்த பெட்டி அவர்கள் கணக்கில் வெறும் பெட்டிதான். அம்மாவுக்கு விமான நிறுவனத்திடமே வீல்சேர் உதவி கேளுங்கள், கட்டணம் கிடையாது, 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே பதிவு செய்துவிட்டால் சென்னை கவுன்ட்டரிலிருந்து விமான வாசல் வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார், சிங்கப்பூரில் விமானம் மாறும்போதும் அப்படியே. குடியேற்ற வரிசையிலும் அம்மா நிற்க வேண்டியிருக்காது. என் மாமியார் அப்படித்தான் போய் வருகிறார், வலியோடு இருப்பவர் பேலன்ஸ் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்காருவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

ஏர்டேக் தாராளமாகப் போடலாம். அதில் இருப்பது சின்ன பட்டன் செல், அதன் லித்தியம் செக்-இன் பெட்டிக்கான 0.3 கிராம் வரம்புக்கு உள்ளேயே இருக்கும்.

சரக்குப்பிரிவு:

இன்னொன்று. உங்கள் பேட்டரியில் யுஎஸ்பி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பவர் பேங்க் மாதிரிதான், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கால் போன் சார்ஜ் செய்யக் கூடாது. மேலே லாக்கரில் வைக்காமல் கண்ணெதிரே இருக்கும் பையிலேயே வையுங்கள். கடைசி நேரத்தில் இடமில்லை என்று வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பினால் முதலில் பேட்டரியை உருவி எடுத்துவிட்டு, அப்புறம் பையைக் கொடுங்கள். அவசரத்தில் அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.