பனியன் கம்பெனி அனுபவத்தை மறைக்காதீர்கள்

பல்லடத்திலிருந்து கனடாவின் பிராம்ப்டன் நகருக்கு வந்திருக்கும் தங்கைக்கு,

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஆறு வருடம் எச்.ஆர். (மனிதவளம்) வேலை பார்த்தும் இங்கே நான்கு மாதமாக ஒரு நேர்காணல்கூட வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவிநாசி. நானும் அதே வேலையிலிருந்து வந்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன் அம்மிணி, அந்த ஆறு வருடத்தையும் பயோடேட்டாவில் இரண்டே வரியில் அடக்கியிருக்கிறீர்கள். அதை முதலில் மாற்றுங்கள். (வயது, திருமண விவரம், புகைப்படம் மூன்றையும் எடுத்துவிடுங்கள், இங்கே அவற்றைப் போடுவதில்லை.)

பீஸ் ரேட் டெய்லர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் போட்டிருப்பீர்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு விடுதி பார்த்திருப்பீர்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய ஆடிட்டரிடம் வயதுச் சான்று முதல் ஓவர்டைம் கணக்கு வரை எடுத்துக் காட்டியிருப்பீர்கள். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் செக்கிங், பேக்கிங்குக்கு ஆள் குறையாமல் பார்த்திருப்பீர்கள். பிராம்ப்டன், மிசிசாகா கிடங்குகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களின் அன்றாடப் பாடு இதுதான். எத்தனை பேர், எத்தனை ஷிப்ட், எத்தனை ஆடிட் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். டொராண்டோ வங்கிகளுக்கு மட்டுமே விண்ணப்பித்துக்கொண்டிருக்காதீர்கள்.

போட்டி கடுமைதான். நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் எச்.ஆர். வேலை பார்க்க உரிமம் தேவையில்லை. அதனால் கல்லூரியில் ஓராண்டுச் சான்றிதழ் முடித்தவர்களும் நம்மைப் போல் வந்தவர்களும் ஒரே உதவியாளர் வேலைக்கு வரிசையில் நிற்கிறோம். சி.எச்.ஆர்.பி., சி.எச்.ஆர்.எல். என்ற எச்.ஆர். தொழில் தகுதிகள் பின்னால் உதவும். கொண்டுவந்த சேமிப்பை இப்போதே அதில் போட வேண்டாம். மாகாண வேலைத்தரச் சட்டத்தின் வழிகாட்டி அரசு இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதைப் படித்துவிடுங்கள்.

நான் படிக்காமல் போய்ப் பட்டேன். முதல் நேர்காணலில் ஓவர்டைம் பற்றிக் கேட்டார்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் இரட்டிப்புச் சம்பளம் என்று ஊர்க் கணக்கைச் சொல்லிவிட்டேன். இங்கே 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு ஒரு கிடங்கில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில்தான் உள்ளே நுழைந்தேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போட்ட கைக்கு இங்குள்ள ஓய்வூதியப் பிடித்தமும் வேலைவாய்ப்புக் காப்பீடும் சீக்கிரமே பழகிவிடும்.

2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்கக் கூடாது. நேர்காணல் செய்தால் 45 நாளுக்குள் முடிவையும் சொல்ல வேண்டும். ஆகவே கனடா அனுபவம் இல்லையே என்று தயங்கி நிற்காதீர்கள்.

வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி வழியாகவும் போகலாம். 2024 ஜூலை முதல் அவர்களுக்கு உரிமம் கட்டாயம். அரசுப் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், கேட்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும்.

பழைய கம்பெனித் தோழிகளிடம் அந்த எண்ணிக்கைகளைக் கேட்டு வாங்கி, திருத்திய பயோடேட்டாவை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.