வராத நோயாளியின் கார்டில் என்ன எழுதுவது?

ஹட்டனிலிருந்து கேள்வி:
டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் பதிவு மேசையில் இருக்கிறேன். வருபவர்களில் சுகர், பிரஷர்காரர்கள்தான் அதிகம், முக்கால்வாசி தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ஒரு மாத மருந்தை வாங்கிப் போனவர்கள் மூன்று மாதம் கழித்துத் தலைகாட்டுகிறார்கள். கார்டில் 'வரவில்லை' என்று எழுதினால் டொக்டர் போதாது என்கிறார். அப்புறம், ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் கார்டு தேடியே நேரம் போகிறது.

பதில் (நுவரெலியா):
கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். பெயரை அடித்தால் வந்துவிடும்.

பதில் (பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற நர்ஸ்):
கம்ப்யூட்டரிலும் அதே நாலு செல்லம்மா வரிசையாக வந்து நிற்பார்கள் தங்கச்சி! அடையாள அட்டை இலக்கத்தால் தேடுங்கள். பழைய அட்டை 65712 என்று தொடங்கினால் 1965இல் பிறந்த பெண். வருடத்துக்குப் பின் வரும் மூன்று இலக்கம், பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். அதே ஆள் 12 இலக்கப் புது அட்டை எடுத்தால் 1965712 என்று தொடங்கும். அதைக் கவனிக்காவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு ஆகிவிடும். புருஷனின் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாலும் அந்த 500 இல்லாதது காட்டிக்கொடுக்கும்.

டொக்டர் சொல்வது சரி. மருந்து எந்தத் தேதியோடு முடிந்தது என்று எழுதுங்கள். இரண்டு மாதமாக மாத்திரையே போடாத ஆளுக்கு பிரஷர் ஏறித்தான் இருக்கும். அது கார்டில் இல்லையென்றால், மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டுவார். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியையும் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் வராத பலர் அங்கே இலவசமாக எடுப்பார்கள். சிலர் இரண்டு இடத்திலும் கொடுத்த மெட்ஃபோர்மின் என்ற சுகர் மாத்திரையைச் சேர்த்துப் போடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

போன் பண்ணினால் யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று ஒரு வரி போதும்: '14ஆம் திகதி, மகன் எடுத்தார், கொழும்பில் இருக்கிறார், அம்மாவிடம் சொல்வதாகச் சொன்னார்.' நம்பர் யாருடையது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். வேறு யாராவது எடுத்தால் நோயைச் சொல்லாதீர்கள், டொக்டர் வரச் சொன்னார் என்பதோடு நிறுத்துங்கள். ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும் லயத்தில் ஒரு வீட்டுக்குச் சொன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்ன மாதிரி.

கேட்டவர்:
நன்றி அக்கா. போன் இல்லாதவர்களை என்ன செய்வது?

பொகவந்தலாவை:
பதியும்போதே யாரிடம் சொல்லி அனுப்பலாம் என்று அவர்களிடமே கேட்டு எழுதிவிடுங்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி வேண்டாம் என்பார்கள், அதையும் எழுதுங்கள். முக்கியமாகத் திகதியை நீங்களாகப் போடாதீர்கள். கொழுந்து நிறைய இருக்கும் வாரத்தில் புதன்கிழமை வரச் சொன்னால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை திறப்பீர்களா?

கேட்டவர்:
பகல் வரைக்கும் திறப்போம். அடுத்த திகதிகளை அதற்கே மாற்றிப் பார்க்கிறேன்.