நாய்க்கடிக்குக் காயத்திலும் ஊசி, கையிலும் ஊசி: ஏன்?

மேலூர்க்காரன்:
பையனுக்கு எட்டு வயசு. நேற்று டியூஷன் முடிந்து வரும்போது தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மருந்தை இறக்கினார்கள். துடித்துப்போனான். பிறகு இரண்டு கையிலும் தடுப்பூசி. இன்னும் மூன்று தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். காயத்தில் போட்டதே போதாதா?

ஊசிமருந்து அக்கா:
தம்பி, நான் தடுப்பூசி அறையில் ரொம்ப வருஷம் வேலை பார்த்த நர்ஸ். போதவே போதாது. காயத்தில் இறக்கினது இம்யூனோகுளோபுலின். அதாவது தயாரான ஆன்டிபாடி (கிருமியைப் பிடிச்சு முடக்கற புரதம்), தடுப்பூசி போட்டுக்கிட்ட மனுஷங்க ரத்தத்திலிருந்தோ குதிரை ரத்தத்திலிருந்தோ பிரிச்சது. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் வைரஸைப் போய் ஒட்டிக்கிட்டு, நரம்புக்குள்ள நுழைய விடாம தடுக்கும். நரம்புக்குள்ள போயிட்டா ஆன்டிபாடியால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அதான் கடிபட்ட இடத்திலேயே குத்தறோம். புள்ள அழறதைப் பார்த்து "போதும் விடுங்க"ன்னு பெத்தவங்க என் கையைப் பிடிப்பாங்க. மிச்ச மருந்தையும் இறக்காம நான் விட்டதில்லை.

ஆனா அது இரவல். சில வாரத்தில் கரைஞ்சுடும். கையில் போட்டது செத்த ரேபிஸ் வைரஸ். அதைப் பார்த்து அவன் உடம்பே ஆன்டிபாடி செய்ய ஒண்ணு ரெண்டு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும்தான் இரவல்.

மேலூர்க்காரன்:
நன்றி அக்கா. அப்படியென்றால் இரண்டையும் காலிலேயே போடக்கூடாதா? ஏன் இத்தனை தவணை?

ஊசிமருந்து அக்கா:
ஒரே இடத்தில் போட்டா இரவல் ஆன்டிபாடி தடுப்பூசியையே மடக்கிடும். இம்யூனோகுளோபுலினை அளவுக்கு மேல போடாததும் அதனாலதான்.

தவணைக்குக் காரணம் பி செல், அதாவது ஆன்டிபாடி செய்யற ரத்த வெள்ளணு. ஒவ்வொரு பி செல்லும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும்தான் அடையாளம் காணும். ஜீன் துண்டுகளை மாத்தி மாத்திக் கோர்த்து உடம்பு இத்தனை வகை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு சுசுமு டோனேகாவாவுக்கு 1987ல் நோபல் கொடுத்தாங்க. ரேபிஸுக்குப் பொருந்தற சில செல்கள் மட்டும் நிணநீர்க் கணுவில், டி செல்ங்கற இன்னொரு வகை வெள்ளணு துணையோட, பெருகும். பெருகும்போதே சின்னச் சின்ன மாற்றம் வரும். இன்னும் இறுக்கமாப் பிடிக்கறது தங்கும், மத்தது கழிஞ்சுபோகும். ஒவ்வொரு தவணையும் அந்த வேலையைத் தூண்டிவிடுது. கடைசியில் நினைவு செல்கள் மிஞ்சும்.

அதனால 28ஆம் நாள் ஊசியையும் தவறவிடாதீங்க. எல்லாம் முடிச்சிருந்தா, பின்னாடி எப்பவாவது கடிச்சாலும் 0 (முதல் ஊசி போடற நாள்), 3ஆம் நாள் தடுப்பூசி மட்டும் போதும், காயத்தில் குத்த வேண்டியதில்லை. அதை டாக்டர் நம்பணும்னா ஊசி அட்டை வேணும். பத்திரமா வைங்க.