கோ 2 பப்பாளி: ஆண் மரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, விதைக்கு எதை விடுறது?

கொடுமுடிப் பையன்:
வணக்கமுங்க. வாய்க்கா ஓரமா 20 சென்ட்ல கோ 2 பப்பாளி வெச்சிருக்கேன், ஆண் மரம் பெண் மரம்னு தனித்தனியா வர்ற ரகம். ஆறடிக்கு ஆறடி, குழிக்கு மூணு கன்னு. நாலு மாசம் தாண்டிருச்சு, இப்பத்தான் இலைக்கணுவுல மொட்டு எட்டிப் பாக்குது. ஆண் மரத்தையெல்லாம் இப்பவே பிடுங்கிரலாம்ங்கறார் அப்பா. பூ விரியறதுக்கு முன்னாடியே அடையாளம் தெரியுமுங்களா? அடுத்த நடவுக்கு விதையும் இதுலயே எடுக்கோணும்னு ஆசை. பக்கத்துக் காட்டுல ரெட் லேடிங்கற வேற ரகப் பப்பாளி நிக்குது, அது கலந்துருமோன்னும் யோசனையா இருக்குது.

மேட்டுக்காடு:
எங்கூர்ல ஆண் மரத்துல ஆணி அடிப்பாங்க. காய்க்குமாம்!

நாற்றங்கால்காரன்:
ஆணி அடிச்சவனுக்குக் காய்ச்சுதுன்னா அது பருவத்தோட வேலை. சில ஆண் மரம் குளிர் அடிக்கும்போது தானாவே பூங்கொத்து நுனியில நீளமா ரெண்டு காய் விடும். அதை விடுங்க.

தம்பி, மொட்டுலயே தெரியும். கணுவுல பாருங்க. ஆண்னா மெல்லிசாக் காம்பு நீண்டு, அதுலருந்து கிளை பிரிஞ்சு, கொத்துக் கொத்தாச் சின்ன மொட்டு தொங்கும். பெண்ணுக்குக் காம்பு நீளாது. தண்டை ஒட்டி ஒண்ணோ ரெண்டோ மொட்டு, அடி குண்டா நுனி கூரா இருக்கும். சந்தேகம்னா ஒரு மொட்டைக் கிள்ளிக் கீறிப் பாருங்க. உள்ள குட்டிக் காய் மட்டும் இருந்தா பெண். காயும் இருந்து சுத்தி மஞ்சளா மகரந்தப் பையும் இருந்தா இருபால். கோ 2ல இருபால் மரம் இருக்கவே கூடாது. அப்படி ஒண்ணு வந்தா உங்க விதையே கலப்பு. அந்த மரத்தை வெட்டிருங்க.

இப்ப அப்பாவுக்குச் சொல்லுங்க: எல்லா ஆணையும் பிடுங்க வேண்டாம். 15, 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் வேணும். 20 சென்ட்ல ஆறடிக்கு ஆறடின்னா சுமார் 250 குழி வரும், ஆக ஒரு டஜனுக்கு மேல கொஞ்சம் ஆண் மரம் போதும். அதுக்குத் தனியா இடம் தேட வேண்டாம். விதையில பாதி ஆண், பாதி பெண். குழிக்கு மூணு வெச்சா எட்டுக் குழிக்கு ஒண்ணுல மூணுமே ஆணாத்தான் வரும். காடு பூரா பரவலா இருக்கற மாதிரி அந்தக் குழிகள்ல வேணுங்கற அளவுக்கு மட்டும் ஒவ்வொண்ணை விட்டுட்டு மிச்சத்தைக் கழிச்சிருங்க.

ஆனா எந்த ஆணை விடுறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. காய்க்காத மரந்தானேன்னு யாரும் அதை ஏறிட்டுப் பாக்கறதில்லை. விதைக்குப் பாதிக் குணம் அங்கிருந்துதான் வருது. காயைப் பாத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை, அதனால மத்ததைப் பாருங்க. தண்டு பருமனா, கணு நெருக்கமா, தரையிலருந்து தாழ்வாவே முதல் பூ வந்ததா இருக்கோணும். இலையில தேமல், சுருட்டு எதுவும் ஆகாது. சும்மா ஓங்கி வளந்து நிக்கற ஆணை நான் முதல்லயே வெட்டிருவேன், பாக்க எத்தனை கம்பீரமா இருந்தாலும்.

கொடுமுடிப் பையன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. நல்ல பெண் மரம் ஒண்ணுக்குக் கையாலயே மகரந்தம் போட்டா ரெட் லேடித் தொல்லை இருக்காதில்லீங்களா?

நாற்றங்கால்காரன்:
அதுதான் ஒரே வழி. நாளைக்கு விரியும்னு தெரியற பெண் மொட்டை, இதழ் உப்பி வெளுத்து இன்னும் வாய் திறக்காம இருக்கும், சாயங்காலமே பட்டர் பேப்பர் பையால மூடிக் கட்டிருங்க. ஆண் பூங்கொத்துக்கும் அதே மாதிரி ஒரு பை. விடிஞ்சதும் வெயில் ஏறதுக்குள்ள ஆண் பூவைப் பறிச்சு இதழை உரிச்சுட்டு, உள்ள இருக்கற மகரந்தப் பையைப் பெண் பூவோட சூல்முடியில மெதுவாத் தேய்க்கோணும். சூல்முடி அஞ்சு பிரிவா விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும், அஞ்சுலயும் படட்டும். திரும்ப மூடி, மூணு நாலு நாள்ல பையைக் கழட்டிட்டுக் காம்புல கலர் நூல் கட்டுங்க. நூல் கட்டாம விட்டுட்டு அப்புறம் எந்தக் காய்னு தேடறவங்களை நிறையப் பாத்தாச்சு.

ரெட் லேடி கலந்தாலும் இந்த வருசப் பழத்தோட ருசி மாறாது, சாப்பிடற சதை தாயோடதுதான். விதையிலதான் கலப்பு ஏறும். அதோட, ரெட் லேடியில இருபால் மரம் உண்டு; அந்த இருபால் பூ மகரந்தம் உங்க பெண் மரத்துல விழுந்தா, அந்த விதையில பாதி பெண், பாதி இருபாலா முளைக்கும். ஆணே இருக்காது.

மேட்டுக்காடு:
அப்ப ரெட் லேடி விதையவே எடுத்துப் போட்டுட்டாப் போச்சு, ஆண் தொல்லையே இல்லையே?

நாற்றங்கால்காரன்:
அது வீரிய ஒட்டு ரகம்ங்க, அடுத்த தலைமுறையில ஆளுக்கொரு தினுசா வரும். ஆண் மரம் வேண்டாம்னா கோ 3, கோ 7 போடுங்க. கோ 3ங்கறது இதே கோ 2ஐ சன்ரைஸ் சோலோங்கற ரகத்தோட சேர்த்து வந்ததுதான்.

கீரைக்காரம்மா:
தம்பி, விதை எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. மேல கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்புத் தோல் இருக்கும், அது இருந்தா முளைப்புக் குறையும், தாமதமாவும் ஆகும். சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, தண்ணியில மிதக்கறதைக் கொட்டிட்டு, நிழல்ல காய வைங்க. ரொம்ப நாள் வெச்சுக்காதீங்க, முளைப்புக் குறைஞ்சுரும்.

கொடுமுடிப் பையன்:
சரிங்கக்கா. இன்னைக்குச் சாயங்காலம் மொட்டைக் கீறிப் பாத்துட்டு வந்து சொல்றேன். அப்பா அரிவாளைத் தீட்டி வெச்சிருக்கார், முதல்ல அதை ஒளிச்சு வைக்கோணும்.