கடலுக்கடியில் படம் எடுக்க ராவா, ஜேபெக்கா?

நீலமீன், பட்டர்வொர்த்:
வணக்கம். தங்கையுடன் பெர்ஹெந்தியான் தீவுக்கு முக்குளிக்கப் போகிறேன். கையில் இருப்பது ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா, 32 ஜிபி அட்டை. ஜேபெக் என்றால் கேமராவே படத்தைச் சரிசெய்து சுருக்கித் தந்துவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ராவில் எடுத்தால் கோப்பு பெரிதாகும், பிறகு கணினியில் மெனக்கெட வேண்டும் என்கிறார்கள். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டும். நன்றாக வந்ததைப் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்ட ஆசை. எதை வைக்கலாம்?

முக்குளிப்பான், செந்தூல்:
ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே வையுங்கள், தங்கச்சி. அந்த அட்டையில் ஆயிரம் படங்கள் தாராளமாகக் கொள்ளும். ஜேபெக் அன்றிரவே வாட்ஸ்அப்புக்கு, ரா சுவருக்கு.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஐந்தாறு மீட்டரிலேயே அது பெருமளவு போய்விடும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். ஒயிட் பேலன்ஸும், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சமன்செய்வதும், படத்தோடு உறைந்துவிடும். மங்கிப்போன சிவப்பு அதில் அடிமட்டத்தில் சில படிகளுக்குள் நசுங்கிக் கிடக்கும். 12 பிட் ராவில் 4,096 படிகள். இழுத்துத் தூக்க அங்கே இடம் இருக்கிறது.

கடற்சாமந்திக்குள் இருக்கும் கோமாளி மீனைப் பத்து மீட்டரில் எடுத்துப் பாருங்கள். ஜேபெக்கில் சிவப்பை ஏற்றினால் மீனின் ஆரஞ்சு திட்டுத்திட்டாகும். பின்னால் வெளிர்நீலத்திலிருந்து கருநீலம் வரை வழுக்கிக்கொண்டு போகும் தண்ணீர், பட்டை பட்டையாக உடையும். கைப்பேசித் திரையில் தெரியாது, அச்சில் கண்ணை உறுத்தும்.

ஆனால் ராவிடமும் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். வராத ஒளியை எந்தக் கோப்பும் கொண்டுவராது. ஆழத்தில் கிட்டப் போய் பிளாஷ் போட்டால்தான் நிறம் கிடைக்கும். இன்னொன்று: டிஜி-6 தண்ணீர் புகாத வெளிக்கூடு இல்லாமல் 15 மீட்டர் வரைதான் தாங்கும்.

பவளக்கொடி, ஜார்ஜ்டவுன்:
மேலே மிதந்தபடி இரண்டு மூன்று மீட்டரில் எடுப்பவர்களுக்கு ஜேபெக்கே போதும் என்பேன். வெள்ளைப் பலகையை நீருக்குள் பிடித்து ஒயிட் பேலன்ஸை அமைத்துவிட்டால் நிறம் அழகாக வரும். பாயார் தீவில் தண்ணீர் கலங்கியிருக்கும் நாட்களில் படத்தைக் கெடுப்பது மிதக்கும் துகள்கள்தான். அதற்கு ராவும் மருந்தில்லை.

முக்குளிப்பான், செந்தூல்:
மறுக்க மாட்டேன், அக்கா. ஆனால் ஆழம் மாற மாற அந்தப் பலகையை மறுபடியும் பிடிக்க வேண்டுமே. மீன் அதுவரை காத்திருக்காது.

நீலமீன், பட்டர்வொர்த்:
இருவருக்கும் நன்றி. இரண்டையுமே வைக்கிறேன். திருத்திய பிறகு எந்த வடிவில் சேமிப்பது, அண்ணா?

முக்குளிப்பான், செந்தூல்:
மூல ஓஆர்எஃப் கோப்பை, அதாவது உங்கள் கேமராவின் ரா கோப்பை, ஒருபோதும் அழிக்காதீர்கள். ரா கோப்பைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருள் இலவசம், அதில் திருத்தி 16 பிட் டிஃப் என்ற பட வடிவில் வெளியே எடுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும். டிஃப்பில் அந்தக் கவலை இல்லை. அச்சுக்கடையில் டிஃப் வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் உச்சத் தரத்தில் ஒரு ஜேபெக் எடுத்துக் கொடுங்கள்.