அஃப் சாப்மன்: ஹாஸ்டல் ஆனதால பொழைச்ச கப்பலா, ஹாஸ்டல் ஆக்கி கெடுத்த கப்பலா?

கடலோடி
ஸ்டாக்ஹோம்ல ஷெப்ஸ்ஹோல்மன் தீவு கரையில வெள்ளையா மூணு பாய்மரத்தோட நிக்குமே அஃப் சாப்மன், அதை இங்க ஒரு பயண இழையில எல்லாரும் "செம ஹாஸ்டல்"னு கொண்டாடிட்டு இருந்தாங்க, எனக்கு மனசு கேக்கல. 1888ல இங்கிலாந்து வைட்ஹேவன்ல டன்பாய்ன்ங்கிற பேர்ல கட்டின எஃகு கப்பல் அது. ஆஸ்திரேலியா, அமெரிக்க மேற்குக் கரை வரைக்கும் சரக்கு ஏத்திட்டு போயிருக்கு, அதுவும் பனாமா கால்வாய் திறக்காத காலத்துல, இன்ஜினே இல்லாம வெறும் காத்தை நம்பி. இன்னைக்கு உள்ள இறங்கினா ஹால்வே, கதவு, பங்க் பெட். சரக்கு அறை எங்க இருந்துச்சுன்னே தெரியல. இதைப் போய் காப்பாத்தினோம்னு சொல்றாங்க.

வடதுருவ மீனா
நான் அதுல தங்கியிருக்கேங்க. ரூம் சின்னதுதான், ஆனா படுத்துட்டு வட்ட ஜன்னல் வழியா பாத்தா தண்ணி கண்ணு மட்டத்துல இருக்கும், எதிர்க்கரையில பழைய நகரமும் அரண்மனையும். சரி அதை விடுங்க, வரலாறை பாதியில நிறுத்திட்டீங்களே. 1915ல ஸ்வீடன் கம்பெனி வாங்கி ஜி.டி. கென்னடின்னு பேர் மாத்துச்சு, 1923ல கடற்படை வாங்கி கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் பேரை வெச்சாங்க. 1934தான் கடைசி பயணம். போர் சமயத்துல படைவீரர் குடியிருப்பு. 1947ல உடைக்க போக வேண்டியதை நகர அருங்காட்சியகம்தான் தடுத்துச்சு, 1949ல ஹாஸ்டல். அன்னைக்கு வேற யாரு கையை தூக்கினா?

கடலோடி
வேற வழியே இல்லைன்னு சொல்லாதீங்க. பால்டிக் கடல்லயே ஆலண்ட் தீவு மாரியஹாம்ல பொம்மெர்ன் நிக்குது, 1903ல கிளாஸ்கோல கட்டின நாலு பாய்மரக் கப்பல், இன்ஜின் வெச்சதே இல்ல. அதை 1950கள்ல ஊருக்கே குடுத்தாங்க, ஊர் அதை மியூசியமா வெச்சிருக்கு. அந்த சரக்கு அறை நடுவுல நின்னு மேல பாத்தாதான் கோதுமை மூட்டைய வாயளவு அடுக்கிட்டு எவ்வளவு பெரிய கூடு கடல்ல போயிருக்குன்னு உறைக்கும். படுக்கையில படுத்தா அது எப்படிங்க தெரியும்.

கணக்குப்பிள்ளை
அண்ணே காசு யாரு தர்றது? எஃகு கப்பல் தண்ணியில நின்னா அப்பப்போ டிரை டாக்ல, அதாவது தண்ணிய வடிச்சிட்டு கப்பலை ரிப்பேர் பண்ற தளத்துல, ஏத்தணும், தகடு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளக்கணும், தேஞ்சதை வெட்டிட்டு புதுசு வைக்கணும். இதை ஒரு தடவை தள்ளிப்போட்டா அடுத்த தடவை பில் பல மடங்கு வரும். ஹொனலுலுல ஃபால்ஸ் ஆஃப் கிளைட்னு 1878 கப்பல், அதுவும் மியூசியம்தான், டாக்ல ஏத்த காசு இல்லாம வருஷக்கணக்கா ஓட்டை உடைசலா நின்னு, 2025ல இழுத்துட்டு போய் கடல்ல மூழ்கடிச்சிட்டாங்க. ரூம் வாடகை வந்திருந்தா இந்த கதி வந்திருக்குமா?

கடலோடி
வந்திருக்கும். அங்க கெடுத்தது பராமரிப்பை விட்டது, மியூசியமா வெச்சது இல்ல. ஹாம்பர்க்ல 1911ல கட்டின பெகிங்ங்கிற கப்பலை பாருங்க, நியூயார்க்ல துருப்பிடிச்சு நின்னதை 2017ல இன்னொரு கப்பல் மேல ஏத்தி ஜெர்மனிக்கே கொண்டு போய், அரசாங்கம் காசு போட்டு சரி பண்ணி, 2020ல ஹாம்பர்க் வந்து சேர்ந்துச்சு. மனசு இருந்தா நடக்குது.

கணக்குப்பிள்ளை
ஜெர்மனி அரசாங்கம் ஒரு கப்பலுக்கு போடும். எல்லா கப்பலுக்கும் போடுமா?

பழைய மாலுமி
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. இன்ஜின் ரூம்ல வேலை பாத்தவன் சொல்றேன், கப்பல்ல ஆள் தங்க வெச்சா பெரிய தொல்லை ஈரம். வெளிய பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த தகடு, உள்ள ஹீட்டர், நடுவுல அழகுக்கு அடிச்ச பலகை. மனுஷன் மூச்சு விடுற ஈரம், ஷவர் ஈரம் எல்லாம் பலகை இடுக்கு வழியா போய் தகட்டுல முத்து முத்தா வேர்க்கும், அங்க துரு உள்ளேர்ந்து திங்கும், பலகையை கழட்டாம யாருக்கும் தெரியாது. சரக்கு அறை திறந்து கிடந்தா துருவை கண்ணால பாக்கலாம், சுத்தியால தட்டிப் பாக்கலாம். வருமானம் வருதுன்னு ஹோட்டலை தூக்கிப் பிடிக்கிறவங்க இந்த செலவையும் கணக்குல எழுதணும்.

வடதுருவ மீனா
ஐயா சொல்றது நியாயம்தான். ஆனா சாப்மனை மூடி பெரிய ரிப்பேர் பண்ணித்தான் 2008ல மறுபடி திறந்தாங்க, ஹாஸ்டல் நடக்குதுங்கிறதாலதான் அதுக்கு ஒரு காரணமே இருந்துச்சு. இன்னொன்னு கடலோடி சார், சரக்கு அறையை ஹாஸ்டல்காரங்க அழிச்சாங்கன்னு சொல்றீங்க, கடற்படை காலத்துலயே அது பயிற்சிக் கப்பல்தான். சரக்கு வெச்ச இடத்துல பயிற்சிப் பசங்க தூங்க ஆரம்பிச்சாச்சு. அந்த கப்பல் சரக்கு ஏத்தின வருஷத்தை விட ஆளுங்க தூங்கின வருஷம்தான் அதிகம், அதுவும் அதோட வரலாறுதானே, நமக்கு புடிச்ச பகுதியை மட்டும் நிஜம்னு சொன்னா எப்படி?

கடலோடி
இது நல்ல கேள்வி, ஆனா அந்த பசங்க பாய் ஏத்தினாங்க, கயிறு இழுத்தாங்க, நடுராத்திரி மேல ஏறினாங்க, கப்பலோட வேலையை செஞ்சுக்கிட்டே தூங்கினாங்க. இப்ப தங்குறவங்க செக் அவுட் பண்ணிட்டு போறாங்க. சான் டியாகோல ஸ்டார் ஆஃப் இந்தியா 1863ல கட்டினது, அதுக்கு இன்னும் அப்பப்போ பாய் விரிச்சு கடலுக்கு எடுத்துட்டு போறாங்க. எனக்கு வேணும்கிறது ஒண்ணே ஒண்ணு, ஒரு பகுதியிலயாவது பலகையை கழட்டிட்டு தகடும், விலா எலும்பு மாதிரி அதைத் தாங்குற சட்டமும் தெரியுற மாதிரி விடட்டும்.

வடதுருவ மீனா
அது மட்டும்தான்னா நான் உங்க பக்கம். ஹாஸ்டலை மூடணும்னா கண்டிப்பா இல்ல.

கணக்குப்பிள்ளை
அந்த பகுதியில எத்தனை பெட் போகும், அந்த வாடகை எங்கேர்ந்து வரும், அதை சொல்லுங்க முதல்ல.

பழைய மாலுமி
தம்பி, பலகை கழட்டின இடத்துல துருவை முன்கூட்டியே பாத்துட்டா ஒரு தகடு மாத்துற செலவோட போச்சு. உங்க பெட் வாடகை அதுலயே வந்துடும்.